ஒரு மேடு, ரெண்டு கடல்

இதை யாரிடமாவது சொல்லித் தீர்க்காவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். வீட்டில் சொல்லிச் சொல்லி இப்போது நான் வாயைத் திறந்தாலே "மணப்பாடுதானே?" என்று கேட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விடுகிறார்கள். டீக்கடையிலும் அதே கதிதான். ஆகவே இனி நீங்கள்தான். தப்பிக்க முடியாது, உட்காருங்க. மணப்பாட்டு மேட்டைச் சுற்றி நடந்திருக்கீங்களா? பார்த்திருக்கீங்களா என்று கேட்கவில்லை. காரில் மேலே வரை போய், கோயிலைக் கும்பிட்டு, ரெண்டு செல்ஃபி எடுத்து, பத்தாவது நிமிஷத்தில் ஏசிக்குள் ஏறியதெல்லாம் கணக்கில் சேராது. கீழே கடற்கரையில் தொடங்கி, பாறையடியை ஒட்டி வளைந்து, குகைக்கு ஏறி, உச்சியில் நின்று, மறுபக்க மணலில் இறங்கி, பனங்காட்டு வழியாக ஊருக்குள் திரும்பி வருகிற அந்த முழு வட்டத்தை நடந்திருக்கீங்களா? இல்லையென்றால், ஐயோ, உங்கள் மேல் எனக்கு எவ்வளவு பொறாமை தெரியுமா? முதல் தடவை பார்க்கிற பாக்கியம் உங்களுக்கு இன்னும் மிச்சமிருக்கிறதே!

நான் ஆதிச்சநல்லூர்க்காரன். எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதுமக்கள் தாழி பார்க்கத்தான் வருகிறார்கள். வரட்டும், பார்க்க வேண்டியதுதான். 1876-இல் ஜாகர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டினார், 1899-லிருந்து அலெக்சாண்டர் ரீ வந்து தங்க நெற்றிப்பட்டமும் வெண்கலமுமாக அள்ளி எடுத்தார், இப்போது தோண்டிய குழிக்கு மேலேயே கண்ணாடி போட்டு, அதன்மேல் நின்று தாழிகளைப் பார்க்கிற மாதிரி செய்து வைத்திருக்கிறார்கள். அதெல்லாம் பெருமைதான். ஆனால் தாழிகள் புதைந்த அந்தப் பறம்பைப் பார்த்துவிட்டு "வேற என்ன பார்க்கலாம்?" என்று கேட்கிறவரின் கையைப் பிடித்து நான் கிழக்கே காட்டிவிடுவேன். இங்கேயிருந்து ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் என்று தாமிரபரணியின் வாழைத்தோட்டங்களைத் தாண்டித் திருச்செந்தூர், அங்கிருந்து கடலோரச் சாலையில் குலசேகரப்பட்டினம் வழியாகச் சுமார் பதினெட்டு கிலோமீட்டர், அவ்வளவுதான் மணப்பாடு. இங்கிலாந்தில் தென்மேற்குக் கரையோரமாக 630 மைலுக்கு நடைபாதை இருக்கிறதாம், உலகமே விமானம் ஏறிப் போய் நடக்கிறதாம். போகட்டும். நம்ம வட்டம் ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடும். ஆனால் அந்த ஒரு காலைக்குள் என்னென்ன இருக்கிறது என்று கேளுங்க!

வைகாசி மாதம் போங்க. விடியுமுன்னே போங்க. நானும் உடன்குடியில் இருக்கிற என் மச்சானும் போனபோது ஊருக்குள் இன்னும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நினைச்சுப் பாருங்க: இருட்டு, காற்றில் கருவாடும் ஈர வலையும் டீசலும் கலந்த ஒரு வாடை, எங்கேயோ ஒரு கோயிலிலிருந்து மணி, அடுத்த தெருவிலிருந்து ஒரு சேவல், ஓடு போட்ட பழைய வீடுகளுக்கு மேலே கோபுரமாக எழுந்து நிற்கிற தேவாலய முகப்புகள். இங்கே தேவாலயங்களுக்குப் பஞ்சமே இல்லை, பரிசுத்த ஆவி ஆலயம், யாகப்பர் ஆலயம், மேட்டு உச்சியில் திருச்சிலுவை நாதர் ஆலயம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு சிலுவை வானத்தைக் கீறிக்கொண்டு நிற்கும். மணிரத்னம் 2013-இல் வந்த 'கடல்' படத்துக்கு இந்த ஊரைத் தேடி வந்ததில் ஆச்சரியமே இல்லை, கேமராவை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் காட்சி தானாக வந்து விழுமே!

ஊருக்குப் பக்கத்திலேயே கருமேனியாறு கடலைத் தேடி வந்து, மணல்திட்டு மறித்துக்கொள்ள, அகலமாகத் தேங்கி நிற்கிறது. காற்றே இல்லாத அந்த நேரத்தில் கழிமுகத் தண்ணீரில் ஒரு சுருக்கம்கூடக் கிடையாது. கொக்கு ஒன்று நிற்கிறது, அதன் நிழல் தலைகீழாக நிற்கிறது, எது கொக்கு எது நிழல் என்று நானும் மச்சானும் பந்தயம் கட்டினோம் என்றால் நம்புவீங்களா? இந்த வயசுக்கு இது தேவையா என்று அவனே கேட்டான். தேவைதான்!

மணலில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, கோயிலுக்கா?"

"கோயிலுக்கும்தான் அண்ணாச்சி. மேட்டச் சுத்தி நடந்து வரலாம்னு."

"நடந்தா? மேல வரைக்கும் வண்டி போவுமே!"

"தெரியும் அண்ணாச்சி, நடக்கணும்னுதான் வந்தோம்."

எங்களை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னார்: "நடங்க, நடங்க. இந்தப் பக்கம் இருக்கிற கடல நம்பி அந்தப் பக்கம் கால வச்சிராதிய. கச்சான் புடிச்சிட்டு."

அவர் சொன்னது அப்போது எனக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரத்தில் புரிந்தது பாருங்க, அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமாகத் துடித்துக்கொண்டிருக்கிறேன். இருங்க, வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் காற்று மறைவுப் பக்கத்துக் கடற்கரை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளுங்க, இது கட்டளை. இரவுக் குளிர்ச்சி இன்னும் மணலில் இருக்கும். கால் வைக்குமுன் குழிநண்டுகள் சர்ரென்று பக்கவாட்டில் ஓடி வளைக்குள் மறையும், மறைந்த பிறகும் ரெண்டு கண்ணை மட்டும் வெளியே நீட்டி நம்மை வேவு பார்க்கும். மேட்டுப் பக்கமாக அடம்பங்கொடி ஊதாப்பூவோடு படர்ந்து கிடக்கும், அதற்கு அப்பால் இராவணன் மீசைப் புல் உருண்டை உருண்டையாக முள்ளை நீட்டிக்கொண்டிருக்கும், அதை மட்டும் மிதிக்காதீங்க. அப்புறம் வெளிச்சம் கொஞ்சம் வந்ததும் கீழே பாருங்க, மணல் வெறும் வெள்ளையாக இல்லை! அலை ஏறி இறங்கிய இடமெல்லாம் செக்கச்செவேலென்று ஒரு வரி, கருகருவென்று ஒரு வரி. சிவப்பு கார்னெட், கறுப்பு இல்மனைட். அலை கனமில்லாத மணலை இழுத்துக்கொண்டு போய்விட, கனமான தாதுமணல் மட்டும் கரையில் தங்கிவிடுகிறது. யாரோ ராத்திரியெல்லாம் உட்கார்ந்து கோலம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் தோன்றும். அந்தச் சிவப்பை உள்ளங்கையில் அள்ளி, பிறகு வந்த வெயிலில் பிடித்தேன். ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக மின்னியது. நான் "ஏ மாப்ளே, இங்க பாரு, இங்க பாரு" என்று கத்திய கத்தலில் ஒரு நாய் எழுந்து போய்விட்டது.

சூரியன் வந்தது. கடலுக்குள்ளேயிருந்து, முழுசாக, ஈரத்தோடு வந்தது. இதைப்பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் ஒன்றும் சேர்க்கப் போவதில்லை. ஆனால் அந்த வெளிச்சம் போய் மேட்டின் பாறைச் சுவரில் அடிக்கிறதே, அதைத் திரும்பிப் பாருங்க! எல்லாரும் சூரியனைப் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பாறையைப் பாருங்க. சாம்பல் நிறத்தில் கிடந்த பாறை சட்டென்று மஞ்சளாகி, பிறகு தேன் நிறத்துக்கு வரும். கிட்டப் போனால் ஏடு ஏடாக, சாய்ந்த வரிகளாக, பிய்த்துப் போட்ட நம்ம ஊர்ப் பரோட்டா மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். அந்த ஒவ்வொரு அடுக்கும் ஒரு காலத்துக் காற்று! ஆமாம், இது மலையே கிடையாது, பழைய மணல்மேடு. எப்போதோ அடித்த காற்று கடற்கரை மணலைக் கொண்டுவந்து குவித்தது. மணலோடு சிப்பித்தூளும் சேர்ந்து குவிந்தது. மழைத்தண்ணீர் இறங்கி, சிப்பியின் சுண்ணாம்பைக் கரைத்து, மணலோடு மணலை ஒட்டிக் கல்லாக்கிவிட்டது. திருச்செந்தூரில் வள்ளி குகை இருக்கிற மேடும் மணற்கல்தான். நான் கன்னத்தை அந்தப் பாறையில் வைத்துக்கொண்டு நின்றேன். சொரசொரப்பு, உப்பு, உள்ளே ஒரு குளிர்ச்சி. மச்சான் அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டான். போடட்டும்!

இப்போது வருகிறது அந்த இடம். மேட்டின் மூக்கைச் சுற்றி வளைகிற இடம். இதுவரை உங்கள் பக்கத்தில் இருந்த கடல் எப்படி இருந்தது? சலனமே இல்லாமல், கணுக்காலை நனைத்துவிட்டுப் பின்வாங்குகிற கடல், குழந்தையை இறக்கிவிடலாம். காதில் காற்றே இல்லை, நம் பேச்சு நமக்குக் கேட்கிறது. பாறையை ஒட்டிப் பத்தடி, இருபது அடி, கொஞ்சம் மேலே ஏறி, ஒரு திருப்பம், அவ்வளவுதான், படாரென்று ஒரு காற்று வந்து நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது பாருங்க, நான் ஒரு அடி பின்னால் வந்துவிட்டேன், துண்டு பறந்துவிட்டது, மச்சான் ஏதோ சொல்கிறான், வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை, ஏனென்றால் எதிரே கடல் கத்திக்கொண்டிருக்கிறது, அதே கடல்தான், முதுகுக்குப் பின்னால் சாதுவாகக் கிடக்கிற அதே கடல்தான், இந்தப் பக்கம் வரிசை வரிசையாக எழும்பி வந்து பாறையில் மோதி வெள்ளையாகச் சிதறி, சிதறிய தூவானம் காற்றில் ஏறி வந்து என் முகத்தில், உதட்டில், கண்ணாடியில், எல்லாம் உப்பு, எல்லாம் ஈரம், காலடித் தரை அதிர்கிறது, பெரியவர் சொன்ன கச்சான் இதுதான், தென்மேற்கிலிருந்து வருகிற காற்றும் அலையும் மேட்டின் ஒரு பக்கத்தை அடித்து நொறுக்க, மறுபக்கத்தை மேடு தன் முதுகால் மறைத்துக்கொண்டு நிற்கிறது, நான் ஒரு அடி பின்னால் வைத்தால் ஒரு கடல், ஒரு அடி முன்னால் வைத்தால் இன்னொரு கடல், முன்னால், பின்னால், முன்னால், பின்னால் என்று எத்தனை தடவை போய் வந்தேன் என்று எனக்கே தெரியாது, சிரித்தேன், சத்தமாகக் கத்தினேன், யாருக்குக் கேட்கப் போகிறது, மச்சானும் கத்தினான், ரெண்டு வளர்ந்த ஆம்பளைகள் ஒரு பாறை மூலையில் நின்று கடலைப் பார்த்து ஓவென்று கூவிக்கொண்டிருந்தோம், அந்த நேரத்தில் யாராவது வந்து உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் ஒன்றும் வேண்டாம் ஐயா, இந்த மூலையிலேயே ஒரு பாய் போட்டுக் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்லியிருப்பேன்!

காரில் வந்தவருக்கு இது கிடைக்குமா சொல்லுங்க? நேரே உச்சிக்குப் போகிறவருக்கு ரெண்டு கடலும் ஒன்றாகக் கீழே கிடக்கும், வித்தியாசம் தெரியாது. ஒரு கடலில் கொஞ்ச நேரம் வாழ்ந்து, அதைப் பழகி, நம்பி, அப்புறம் திரும்பினால்தான் அந்த அடி விழும். அதற்குத்தான் நடை. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் கதை மாறிவிடுமாம், சாதுவான பக்கம் சீறுமாம், சீறுகிற பக்கம் அடங்குமாம். அப்போதும் ஒருமுறை வரத்தானே வேண்டும்? வருவேன், பின்னே விடுவேனா!

அந்த இரைச்சலோடு பாறைச் சரிவில் இருக்கிற குகைக்குப் போங்க. கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிற சின்னக் குகை. 1542-இல் முத்துக்குளித்துறை என்ற இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் தங்கி ஜெபித்த இடம் என்று ஊரே கொண்டாடுகிற குகை. 1544-இல் அவர் மணப்பாட்டிலிருந்து எழுதிய கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, தமிழில் ஜெபம் சொல்லிக் கொடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். இந்தக் கரையில் ஊர் ஊராக அவர் போனது பெரும்பாலும் நடராஜா சர்வீஸ்தான்! அதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. நம்ம வழிக்கு எவ்வளவு பெரிய ஆள் முன்னோடி பாருங்க. குகைக்குள் நுழைந்ததும் வெளி இரைச்சல் பாதியாகக் குறையும், மெழுகுவத்தி வாசனை வரும், தலையைக் குனியுங்க, சுவரில் ஈரம் கசியும். உள்ளே ஒரு கிணறு. கடல் கூப்பிடு தூரத்தில் கத்திக்கொண்டிருக்கிறது, இந்தத் தண்ணீரில் உப்பு இல்லை! நான் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு மச்சானைப் பார்த்தேன், அவன் ஒரு கை குடித்துவிட்டு என்னைப் பார்த்தான். திருச்செந்தூரில் நாழிக்கிணறு இருக்கிறதே, அதே அதிசயம்தான். மழைத்தண்ணீர் மணற்கல்லில் ஊறி இறங்கி, உப்புத்தண்ணீரைவிடக் கனம் குறைவு என்பதால் அதன் மேலேயே மிதந்து நிற்கிறது என்று படித்திருக்கிறேன். காரணம் தெரிந்த பிறகு அதிசயம் குறையும் என்று யார் சொன்னது? எனக்கு இன்னொரு கை குடிக்கத் தோன்றியது.

அங்கேயிருந்து உச்சி. ஏற்றம் ஒன்றும் பெரிசில்லை, ஆனால் மணல் காலைப் பின்னால் இழுக்கும், கெண்டைக்கால் கேள்வி கேட்கும். மேலே 1581-இல் எழுந்த திருச்சிலுவை நாதர் ஆலயம். புயலில் தப்பிய போர்ச்சுகீசியக் கப்பலின் பாய்மரத்தில் செய்த சிலுவையை இங்கே நட்டதுதான் ஆரம்பம் என்பது ஊர் சொல்லும் கதை. செப்டம்பர் 14 திருவிழாவுக்கு இந்த மேடு கொள்ளாமல் கூட்டம் வருகிறது. பக்கத்தில் கலங்கரை விளக்கம். உச்சியில் நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்க: ஒரு பக்கம் கழிமுகமும் ஓட்டு வீடுகளும் வரிசையாக ஏற்றி வைத்த வள்ளங்களும், ஒரு பக்கம் பச்சையாகப் பனங்காடு, மிச்சமெல்லாம் கடல். முத்துச் சிப்பிப் பார்கள் இந்தக் கடலுக்கடியில்தான் கிடந்தன, தூத்துக்குடியில் 1961-இல் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது. இப்போது ஒரு வேலை செய்யுங்க. சரியாகத் தெற்கே திரும்பி நில்லுங்க. இலங்கை உங்களுக்கு இடப்பக்கம் ஒதுங்கிவிட்டது, மாலத்தீவு வலப்பக்கம் ஒதுங்கிவிட்டது. உங்கள் மூக்குக்கு நேராக ஒரு கோடு இழுத்தால் அண்டார்டிகா வரைக்கும் தண்ணீர், தண்ணீர், தண்ணீர்! எனக்கு முழங்கால் லேசாக நடுங்கியது, பொய் சொல்லவில்லை. இந்தக் காரணத்துக்காகத்தான் இஸ்ரோ ராக்கெட் ஏவுதளத்துக்குப் பக்கத்துக் குலசேகரப்பட்டினத்தைத் தேர்ந்தெடுத்தது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகிற ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போக வேண்டும், எரிபொருள் வீண். இங்கேயிருந்து நேரே தெற்கே விட்டுவிடலாம். 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டியாயிற்று. சிறிய எஸ்எஸ்எல்வி ராக்கெட்டுகள் இங்கேயிருந்துதான் கிளம்பப் போகின்றன.

இறங்குவது? இறங்குவது என்று சொல்லக்கூடாது, ஓடுவது! தென்பக்கச் சரிவு மணல் சரிவு. மச்சான் "பாத்து, மெதுவா" என்று சொல்லி முடிப்பதற்குள் நான் கீழே பாதியில் இருந்தேன், கால் மணலுக்குள் முழங்கால் வரை புதைய, ஒவ்வொரு எட்டும் நாலு எட்டாக நீள, கையை விரித்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சட்டைப்பைச் சில்லறை எல்லாம் சிதற ஓடினேன். கீழே போய் விழுந்தேன். படுத்தபடியே வானத்தைப் பார்த்தேன். அப்புறம் எழுந்து, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மறுபடி மேலே ஏறி மறுபடி ஓடி வந்தேன். இரண்டாம் தடவை மச்சானும் ஓடி வந்தான்.

அந்தத் தென்பக்கக் கடற்கரையில் காற்று மணலை எழுப்பிக் கணுக்காலில் ஊசியாகக் குத்தும், அலை உயரமாக வந்து மேட்டின் மூலையை ஒட்டி நீளமாக மடங்கி உடையும். அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் பலகையோடு மணப்பாட்டைத் தேடி வருவது இந்த அலைக்காகத்தான். கரையோரமாகக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு உள்ளே திரும்பினால் பனங்காடு. காற்று அங்கேயும் விடாது, காய்ந்த ஓலைகள் சடசடவென்று உரசிக்கொண்டே இருக்கும். மரத்திலிருந்து அப்போதுதான் இறக்கிய பதநீர், பட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். உப்புக் காற்றில் காய்ந்த தொண்டையில் அந்த இனிப்பும் சுண்ணாம்பு வாசனையும் இறங்கியதே, அடேயப்பா! இந்தப் பதநீரைத்தான் காய்ச்சி உடன்குடிக் கருப்பட்டி ஆக்குகிறார்கள், புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. என் மச்சான் உடன்குடிக்காரன், அந்த ஒரு பெருமையை அவன் பதநீர் முடியும்வரை விடவே இல்லை. மதியத்துக்கு ஊருக்குள் வந்து மீன் குழம்பும் பொரித்த மீனும் சோறும். பசிக்கு எத்தனை தடவை சோறு வாங்கினேன் என்பது எனக்கும் பரிமாறின அக்காவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

குறையே இல்லையா என்று கேட்பீங்க. வெயில் ஏறினால் மேட்டில் நிழல் கிடையாது, அதனால்தான் விடியலில் போகச் சொன்னேன். சில இடங்களில் பிளாஸ்டிக் குப்பை கண்ணில் படும், ஒரு பையில் கொஞ்சம் பொறுக்கிக்கொண்டு வாங்க. பாறையடி வழுக்கும், தென்பக்கக் கடலில் குளிக்க இறங்காதீங்க, அலை பாறையில் அடிக்கிற நாளில் கீழ்வழியை விட்டுவிட்டு மேலே ஏறி வளைந்து போங்க. தண்ணீர் பாட்டில், தொப்பி, மாற்று உடை. முடிந்தது குறை. இன்னும் காலில் தெம்பு இருந்தால் சாயங்காலம் காயாமொழிப் பக்கம் தேரிக்காட்டுக்குப் போங்க, இரும்புச் சத்து ஏறிச் சிவந்த மணல் குன்று குன்றாகக் கிடக்கும். இந்த வட்டாரத் தேரிகளில் கிடைத்த சின்னஞ்சிறு கற்கருவிகளைப் பற்றி ஸாய்னர், ஆல்ச்சின் என்ற ரெண்டு அறிஞர்கள் 1956-இலேயே எழுதிவிட்டார்கள். எங்கள் ஊர்த் தாழிகளுக்கும் ரொம்ப முந்தின ஆட்கள் இந்தக் கரைப் பக்கம் நடந்து திரிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. இப்படி ஒரு கரை இருந்தால் யார்தான் உட்கார்ந்திருப்பார்கள்?

சரி, கடைசியாக ஒன்று. ராக்கெட் விடுகிற நாள் வரும். அன்றைக்கு அனுமதித்தால் மேட்டு உச்சியில், கலங்கரை விளக்கத்துக்குக் கொஞ்சம் கீழே, தெற்கே பார்த்தபடி உட்காரத் தோதான ஒரு இடத்தை நான் இப்போதே பார்த்து வைத்துவிட்டேன். மச்சானுக்கு ஒரு இடம் ஒதுக்கியாயிற்று. பக்கத்தில் இன்னும் ரெண்டு பேர் தாராளமாக உட்காரலாம். ஆனால் ஒரு நிபந்தனை: காரில் வந்து இறங்குகிறவருக்கு இடம் இல்லை, கீழேயிருந்து மேட்டைச் சுற்றி நடந்து வருகிறவருக்குத்தான். வர்றீங்களா?